இம்பியின் பொய்க்குழி

குயிக்காவெசி ஏரியில் மீன் கடிக்கிறதா என்று கேட்டால் இம்பி தீஹோனன் மூன்று பதில்களில் ஒன்றைச் சொல்வாள். "சும்மா இருக்கு" என்றால் பை பாதி நிறைந்துவிட்டது. "ஏதோ ஒண்ணு ரெண்டு" என்றால் பை கிழியப் போகிறது. "இன்னைக்கு நல்லா கடிக்குது" என்றால் காலையிலிருந்து ஒரு செதிள்கூடக் கிடைக்கவில்லை, கேட்டவரும் பக்கத்தில் உட்கார்ந்து விறைக்கட்டும் என்று பொருள்.

இதை அந்த ஊரில் யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. குளிர்காலத்தில் ஏரி உறைந்த பிறகு, அதில் துளை போட்டுப் பெர்ச் மீன் பிடிக்கிற எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். வங்கியில், தேவாலயத்தில், வரி அலுவலகத்தில் பொய் சொல்லாதவர்கள், பனிக்கட்டி மேல் கால் வைத்ததும் வேறு மனிதர்களாகிவிடுவார்கள். மீன் இருக்கும் இடத்தைக் கேட்பதுதான் அங்கே அநாகரிகம். பொய்யாகப் பதில் சொல்வது மரியாதையான மறுப்பு, அவ்வளவுதான். மற்றவர்கள் தேவைக்குப் பொய் சொன்னார்கள். இம்பி அதில் அக்கறை எடுத்துக்கொண்டாள். அவளிடம் இருந்த ஒரே மிகையான குணம் அது.

முப்பத்தொரு வருடம் அவள் பால் லாரி ஓட்டியவள். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை உறிஞ்சி நிரப்பி ஆலைக்குக் கொண்டுபோகும் வேலை. மாட்டுக்கு ஞாயிறு தெரியாது, பண்டிகை தெரியாது. ஆகவே இம்பிக்கும் தெரியாமல் போயிற்று. ஒருமுறை ஒரு பண்ணைக்காரரிடம், வடக்குக் கோரையோரம் மீன் அள்ளுகிறது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். அன்று அவள் போக வேண்டிய பண்ணைகள் இன்னும் பதினெட்டு இருந்தன. எங்கேயும் அவள் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. மறுநாள் காலை அந்தக் கோரையோரம் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கணவர் ஸ்வீடனுக்குக் கார் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். தொழிற்சாலை மூடிய பிறகும் திரும்பவில்லை. அதைப் பற்றிக் கேட்டால், "அங்க நல்லா கடிக்குது போல" என்பாள். கேட்டவர்கள் அந்தப் பதிலை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் வானிலைக்குத் தாவிவிடுவார்கள்.

ஓய்வு பெற்றதும் ஊருக்குள் ஒரு மூன்று மாடிக் குடியிருப்புக்கு வந்தாள். கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சௌனா அறை. மின்சார அடுப்பின் மேல் கற்கள் சூடாகும். மேலே பலகையில் உட்கார்ந்து கல்லில் தண்ணீர் ஊற்றினால் ஆவி வந்து உடம்பைக் கவ்வும். ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம். இம்பிக்குக் கிடைத்தது புதன்கிழமை ஏழு மணி.

புதன்கிழமை என்பது ஒரு நாளே அல்ல என்பது அவள் எண்ணம். சௌனா என்றால் சனிக்கிழமை. ஊர் முழுக்க, நாடு முழுக்க, வாரத்தின் அழுக்கைச் சனிக்கிழமை மாலை கழுவுகிறது. அதிலும் ஆறு மணி முறைதான் சிகரம்: கற்கள் நன்றாக ஊறிச் சூடேறியிருக்கும், பின்னால் வருகிறவர்களின் அவசரமும் இருக்காது. சிறுமியாக இருந்தபோது வீட்டுச் சௌனாவில் கடைசி ஆள் அவள். லாரி ஓட்டிய காலத்தில் சனிக்கிழமை மாலை அவள் எங்கோ பாலாடைக்கட்டி ஆலையின் வாசலில் குழாயைக் கழற்றிக்கொண்டிருப்பாள். வீடு திரும்பும்போது அடுப்பு பாதி அணைந்திருக்கும். மற்றவர்கள் பயன்படுத்தி மீந்த சூட்டில்தான் அவள் அறுபத்தெட்டு வருடம் குளித்திருக்கிறாள். ஊரார் பார்வையில் இது பெரிய துயரம் அல்ல. அவளும் யாரிடமும் முறையிட்டதில்லை. ஆனால் ஒன்பது வருடமாகச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கும் ஹில்யாவின் செருப்புச் சத்தத்தை அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள்.

அந்த ஜனவரியில் ஹில்யா தன் மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்தாள். சனிக்கிழமை ஆறு மணி காலியாயிற்று.

குடியிருப்புச் சங்கத் தலைவி ரைலி மறுநாள் காலை கதவைத் திறந்தபோது, அஞ்சல் துளை வழியாக இரண்டு சீட்டுகள் உள்ளே விழுந்து கிடந்தன. ஒன்று இம்பியுடையது. இன்னொன்று மூன்றாம் மாடி அர்மாஸ் புல்லியாய்னனுடையது. எது முதலில் விழுந்தது என்று சொல்ல வழியில்லை. அர்மாஸ் ஓய்வு பெற்ற நில அளவையாளன். அவனுடைய முறை வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி. அதை அவன் ஒரு அவமானமாகவே சுமந்து வந்தான்.

ரைலி இருவரையும் தன் சமையலறைக்குக் கூப்பிட்டாள். காபி ஊற்றினாள்.

"சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாமா?" என்றாள்.

"குலுக்கறது யாரு?" என்றான் அர்மாஸ்.

"நான்தான்."

"நீங்க முதல் மாடி. இம்பியும் முதல் மாடி."

"அதுக்கும் இதுக்கும் என்னய்யா?" என்றாள் இம்பி.

"சொன்னேன், அவ்வளவுதான்."

ரைலி தலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை நம்ம கட்டடத்து மீன்பிடிப் போட்டி இருக்கு. உங்க ரெண்டு பேர்ல யாரு மீன் எடை கூட வருதோ அவங்களுக்குச் சனிக்கிழமை. சரியா?"

இருவரும் உடனே தலையாட்டினார்கள். இருவரும் மனத்துக்குள் சிரித்தார்கள். இருவரில் ஒருவர் தவறாகச் சிரிக்கிறார் என்பது ரைலிக்கு மட்டும் தெரிந்தது.

விதிகள் புதியவை அல்ல. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. ஒருவர் உட்கார்ந்திருக்கும் குழியிலிருந்து பத்து மீட்டருக்குள் இன்னொருவர் துளை போடக் கூடாது. குழி எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் எந்தக் குழியருகே உன் முக்காலி நிற்கிறதோ அதுதான் உன் குழி. முக்காலியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டால் அந்தக் குழி யாருக்கும் சொந்தமில்லை, அடுத்தவர் உட்காரலாம். ஏரியில் கிணறு மாதிரி உரிமை கொண்டாட முடியாது என்பதற்காக முன்னோர் யாரோ யோசித்து வைத்த ஏற்பாடு.

சனிக்கிழமை பிற்பகல் இம்பி தனியாக ஏரிக்குப் போனாள். மீன் பிடிக்க அல்ல. முனைக்கு அப்பால், நான்கு மீட்டர் ஆழம், தட்டையான சேற்றுத் தரை. முப்பது வருடத்தில் அவள் அங்கே ஒரு பெர்ச்சைக்கூடப் பார்த்ததில்லை. அங்கே மூன்று குழி போட்டாள். சுற்றிலும் பனியை மிதித்துக் குழப்பினாள். வீட்டுக் குளிர்பெட்டியிலிருந்து கொண்டுவந்த ஒரு மீனின் செதிள்களைச் சுரண்டித் தூவினாள். இரத்தம் நான்கு சொட்டு. காபிச் சக்கை ஒரு கரண்டி. ரொட்டி ஓரம் ஒரு துண்டு. பிறகு நிமிர்ந்து நின்று தன் வேலையைப் பார்த்தாள். திருப்தியில்லை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தெளிவாகத் தெரிகிற எதையும் அர்மாஸ் நம்பமாட்டான். காலணியால் புதுப்பனியைத் தள்ளி எல்லாவற்றையும் மூடினாள். முழுவதும் அல்ல. ஒரு சொட்டு இரத்தத்தின் பாதியும் இரண்டு செதிள்களும் வெளியே தெரியும்படி விட்டாள். நல்ல இடத்தைக் கண்டுபிடித்த ஒருவன், அவசரமாக மறைத்துவிட்டுப் போனது போல இருந்தது. மனிதர்கள் காட்டப்பட்டதைச் சந்தேகிப்பார்கள், தாங்களே கண்டுபிடித்ததைச் சந்தேகிக்கமாட்டார்கள் என்பதை அவள் பால் லாரியில் கற்றிருந்தாள்.

ஞாயிறு காலை குளிர் மைனஸ் பதினேழு. பதினான்கு பேர் கரையில் நின்றார்கள். ரைலி தன் காரின் ஹாரனை அழுத்தியதும் கூட்டம் ஏரிமேல் சிதறியது. ஓடுவது அழகல்ல என்பதால் யாரும் ஓடவில்லை. ஆனால் ஓடாமல் நடக்க முடிகிற உச்ச வேகத்தில் எல்லோரும் நடந்தார்கள். அர்மாஸின் முதுகில் அவனுடைய முக்காலிப்பை ஆடியது: மேலே உட்காரும் பலகை, கீழே கருவிகள் வைக்கும் பை, தோளில் மாட்ட வார்.

இம்பி தனக்கு வழக்கமாக மீன் கிடைக்கும் பாறைத் திட்டுக்குப் போகிற வழியில் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போனாள். அர்மாஸ் முனையைத் தாண்டினான். நின்றான். குனிந்தான். கையுறையைக் கழற்றி ஒரு விரலால் பனியைக் கிளறினான். விரலை முகர்ந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்து, யாராவது பார்க்கிறார்களா என்று நான்கு திசையும் பார்த்தான். இம்பி அப்போது காலணி வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள், அது அவிழவேயில்லை. மறுபடி பார்த்தபோது முக்காலி தரையில் இருந்தது, அர்மாஸ் அதன்மேல் இருந்தான்.

அவள் தன் இடத்தில் துரப்பணத்தைச் சுழற்றினாள். அரை மீட்டர் பனிக்கட்டி. தண்ணீர் பொங்கி மேலே வந்தது. ஜல்லிக்கரண்டியால் ஐஸ் தூளை வாரிக் கொட்டிவிட்டு, அகப்பைக் காம்பு நீளம் இருந்த தூண்டிலை இறக்கினாள். முதல் அரைமணியில் பதினான்கு பெர்ச். பச்சை உடம்பில் கரும்பட்டைகள், சிவந்த துடுப்பு, கையைக் குத்தும் முதுகு முள். நல்ல பருமன். பிறகு நின்றுவிட்டது. கூட்டம் நகர்ந்துவிட்டது, பெர்ச் கூட்டமாகத்தான் வரும், கூட்டமாகத்தான் போகும். அவள் எழுந்து ஏழு இடங்களில் துளை போட்டாள். ஒன்றுமில்லை. ஏழாவது குழியில் சிறுவிரல் நீளத்துக்கு ஒரு குஞ்சு வந்தது. அதனிடம் மன்னிப்புக் கேட்பது போலத் திரும்ப விட்டாள்.

பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள். அங்கே ஒருவன் வெறும் சேற்றில் தூண்டில் ஆட்டிக்கொண்டிருக்கிறான். பதினான்கு போதும்.

அந்த எண்ணத்தின் சுகத்தில் அவள் அர்மாஸ் பக்கம் திரும்பினாள். அவன் அசையாமல் கூனி உட்கார்ந்திருந்தான். பாவம் என்று தோன்றும் அளவுக்கு இருந்தது. மணி பதினொன்று இருபது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதினொன்று இருபது. அர்மாஸ் பதினொரு மணிக்குக் காபி குடிப்பவன். அவன் காபி குடிப்பதைப் பார்த்துக் கட்டடத்துக் கடிகாரங்களைத் திருத்தி வைக்கலாம். ஃபிளாஸ்க் திறக்கப்படவில்லை. இன்னொன்றும் இருந்தது: அவன் காற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மைனஸ் பதினேழில் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு உட்காருகிறவன் ஒன்று பைத்தியம், அல்லது தன் கைகளை மற்றவர்களிடமிருந்து முதுகால் மறைக்கிறவன். அர்மாஸ் பைத்தியம் அல்ல.

அவள் பொய் சொல்லி வைத்த இடத்துக்கு மீன் போய்ச் சேர்ந்திருந்தது.

இம்பி தன் வாழ்நாளில் பல பொய்கள் சொல்லியிருக்கிறாள். எதுவும் இப்படி அவள் முதுகுக்குப் பின்னால் போய் உண்மையாக மாறியதில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. வளர்த்த நாய் அடுத்த வீட்டில் சோறு தின்பதைப் பார்க்கிற உணர்வுதான் வந்தது. முக்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

"கடிக்குதா?" என்றாள், கிட்டே போய்.

அர்மாஸ் நிமிரவில்லை. "இன்னைக்கு நல்லா கடிக்குது."

அவள் அந்தப் பதிலை ரசித்தாள். தன்னுடைய சரக்கையே தனக்கு விற்கிறான். ஆனால் அவன் இரண்டு காலணிகளுக்கும் நடுவே பனி ஒரு மேடாகக் குவிந்திருந்தது. மேட்டின் ஓரத்தில் சிவப்பாக எதுவோ நீட்டிக்கொண்டிருந்தது.

"அது என்ன?"

"எது?"

"சிவப்பா."

அர்மாஸ் குனிந்து பார்த்தான். "இலை."

"ஜனவரியிலயா?"

"லேட்டா விழுந்த இலை."

"துடிக்குதே."

"காத்து."

இம்பி அவன் முக்காலியிலிருந்து பத்து காலடி எண்ணி நடந்தாள், சத்தமாகவே எண்ணினாள். துரப்பணத்தைச் சுழற்றினாள், தூண்டிலை இறக்கினாள். அது தரையைத் தொடுவதற்குள் இழுத்தது. ஒன்று. இரண்டு. ஆறாவது மீனை அவள் பனியில் போட்டபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"பால்காரம்மா, அது பத்து மீட்டர் இல்ல."

"எண்ணித்தானே நடந்தேன். உன் காது எங்க போச்சு?"

"காலடிதான் எண்ணின. மீட்டர் எண்ணல."

"என் காலடி ஒரு மீட்டர்யா. முப்பத்தொரு வருஷம் லாரில ஏறி இறங்கின காலு."

"ஏறி இறங்கின காலுதான். நடந்த காலு இல்லையே."

"அப்ப அளந்து பாரேன்."

இதைச் சொல்லும்போது அவளிடம் எந்தத் திட்டமும் இல்லை. அதை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும். வாய்ச்சண்டையில் வருகிற வழக்கமான வார்த்தைதான் அது. ஆனால் அர்மாஸ் நாற்பது வருடம் நிலம் அளந்து பிழைத்தவன். அவனிடம் யாராவது 'அளந்து பார்' என்று சொன்னால் அது வெறும் வார்த்தை அல்ல, அழைப்பு. அவன் கண்கள் பிரகாசமாயின. எழுந்தான். அளவு நாடா அவன் முக்காலியின் கீழ்ப்பையில் இருந்தது. பையின் ஜிப் குளிரில் விறைத்துத் திறக்க மறுத்தது. குனிந்து போராடுவதற்குப் பதிலாக முக்காலியை அப்படியே தோளில் மாட்டிக்கொண்டான். ஜிப்பை வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டே இம்பியை நோக்கி வந்தான்.

அவன் பின்னால் குழி தனியாக இருந்தது. அருகே பனிமேடும் ஒரு சிவப்பு இலையும் மட்டும்.

இம்பி அதைப் பார்த்தாள். பார்த்ததைக் கண்ணில் காட்டாமலிருக்கத் தூண்டிலைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"ரைலியையும் கூப்பிடுவோம்" என்றாள். "நாளைக்கு நீ அளந்தது தப்புன்னு நான் சொல்வேன், நான் பார்த்தது தப்புன்னு நீ சொல்வ. எதுக்கு வம்பு?"

"கூப்பிடு. எனக்கென்ன பயம்?"

ரைலி கரையோரம் இருந்து பனியில் கால் புதையப் புதைய வந்தாள். தலைவி என்பதால் அவள் மீன் பிடிக்கவில்லை. காலையிலிருந்து நின்றே விறைத்திருந்தாள். அர்மாஸ் திரும்பிப் போய், நாடாவின் முனையைத் தன் குழியின் விளிம்பில் ஒரு திருகாணியால் குத்தி நிறுத்திவிட்டு, முதுகில் முக்காலி ஆட, நாடாவைப் பிரித்துக்கொண்டே வந்தான். மண்டியிட்டான். மூக்குக்கண்ணாடியின் மேல் படிந்த உறைபனியைத் துடைத்தான். விளிம்பிலிருந்து விளிம்பு, நாடா தொய்யாமல்.

"ஒன்பது மீட்டர் எழுபத்திரண்டு."

"நல்லாப் பாரு" என்றாள் இம்பி.

அவன் மறுபடி பார்த்தான். "ஒன்பது எழுபத்திரண்டு. ரைலி, வந்து பாருங்க."

ரைலி பார்த்தாள். "ஒன்பது எழுபத்திரண்டுதான் இம்பி."

"இருபத்தெட்டு சென்டிமீட்டருக்கா இவ்வளவு ஆட்டம்?" என்றாள் இம்பி.

"இருபத்தெட்டு சென்டிமீட்டர்ல ரெண்டு கிராமம் கோர்ட்டுக்குப் போயிருக்கு" என்றான் அர்மாஸ். அவன் குரலில் பல வருடங்களுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியவனின் இளமை இருந்தது. "இந்தக் குழி செல்லாது. இதுல பிடிச்ச ஆறு மீனும் கணக்குல வராது. எழுதிக்கோங்க."

ரைலி எழுதிக்கொண்டாள். "இந்தக் குழி செல்லாது. யாரும் இதுல பிடிக்கக் கூடாது. இம்பி, இந்த ஆறையும் தனியா வச்சிடறேன். வேற இடம் பாருங்க."

"பார்க்கறேன்" என்றாள் இம்பி.

எழுந்தாள். துணியால் முழங்காலைத் தட்டிக்கொண்டாள். முக்காலியையும் தூண்டிலையும் எடுத்துக்கொண்டு நாடாவின் ஓரமாகவே, அது தரையில் கிடந்த நேர்கோட்டில் நடந்தாள். ஒன்பது மீட்டர் எழுபத்திரண்டு நடந்து முடிந்ததும் முக்காலியை வைத்தாள். உட்கார்ந்தாள். தூண்டிலை இறக்கினாள்.

அர்மாஸ் மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்தான்.

"அது என் குழி" என்றான் அர்மாஸ்.

"உன் முக்காலி எங்க?"

அவன் அனிச்சையாகத் தோளைத் தொட்டுப் பார்த்தான். முக்காலி அங்கே இருந்தது. அங்கே இருந்ததுதான் பிரச்சினை.

"அளக்கத்தானே வந்தேன். விட்டுட்டா போனேன்?"

"எதுக்கு வந்தன்னு விதி கேட்கல. முக்காலி எங்கன்னுதான் கேட்குது."

அர்மாஸ் ரைலியைப் பார்த்தான். ரைலி தன் குறிப்பேட்டைப் பார்த்தாள், அதில் உதவி ஏதும் எழுதியிருக்கவில்லை. "விதி அப்படித்தான் அர்மாஸ்" என்றாள் மெதுவாக.

அவன் கோபமாக இரண்டு அடி வைத்து, இம்பி விட்டுப் போன குழியருகே முக்காலியை இறக்கினான். உட்காரப் போனவனை ரைலியின் இருமல் நிறுத்தியது.

"அது செல்லாத குழி" என்றாள். "நீங்கதான் அளந்தீங்க."

அர்மாஸ் நின்றபடியே ஒன்பது எழுபத்திரண்டை யோசித்தான். தன் உழைப்பின் விளைவை இவ்வளவு முழுமையாக அனுபவிக்கும் வாய்ப்பு ஒரு அளவையாளனுக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

"உன் இலையெல்லாம் வந்து எடுத்துட்டுப் போ" என்று இம்பி கூப்பிட்டாள். "நான் மீன் திருடற ஆள் இல்ல."

அவன் வந்து பனிமேட்டைக் கலைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். இம்பி எண்ணாதது போல எண்ணினாள். முப்பத்துநான்கு. அவளிடம் பதினான்கு. ஒரு மணி ஆக இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.

சிரிப்பு அவளுக்கு அங்கேயே நின்றுவிட்டது. இருபது மீன் பின்தங்கிச் சனிக்கிழமையை வாங்க வேண்டும். அர்மாஸ் நாடாவைப் பிடித்து, மறுபக்கம் சரியாகப் பத்து மீட்டர் ஒரு சென்டிமீட்டரில் புதிய குழி போட்டான். இம்பியின் தூண்டில் இறங்கும், இழுக்கும், ஏறும். கையுறையோடு புழுவைக் கோக்க முடியாது; கழற்றிவிட்டாள். விரல்கள் வெளுத்தன. முதலில் நுனி போயிற்று, பிறகு விரல் என்பதே போயிற்று. கை தன்னுடையதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வாயில் வைத்து ஊதினாள். அடுத்த மீன். ஊதினாள். அடுத்த மீன். குழியின் மேல் ஏடு படியும்போதெல்லாம் ஜல்லிக்கரண்டியைத் தேடாமல் கையாலேயே வாரினாள். அந்தப் பக்கம் அர்மாஸின் முழங்கையும் அவ்வப்போது அசைந்தது. அவள் அதை எண்ணினாள். எட்டு முறை.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மீன் நின்றுவிட்டது, இருவருக்கும். கூட்டம் எங்கோ போய்விட்டது. அந்தப் பத்து நிமிடமும் இம்பி தூண்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஹாரன் ஒலித்தபோது அவளால் விரலை மடக்க முடியவில்லை.

கரையில் ரைலியின் சமையலறைத் தராசை ஒரு பெட்டிமேல் வைத்திருந்தார்கள். அர்மாஸின் மீன் நாற்பத்திரண்டு. மூன்று கிலோ நூற்று நாற்பது. இம்பியின் மீன் முப்பத்தாறு. தராசு முள் ஆடி ஆடி மூன்று கிலோ நூற்று அறுபத்தைந்தில் நின்றது. பாறைத் திட்டில் வந்த பதினான்கும் தடித்தவை.

"பனி ஒட்டியிருக்கு" என்றான் அர்மாஸ். "துடைச்சிட்டு நிறுக்கணும்."

நியாயமான கோரிக்கை. ஆனால் இம்பி அவசரத்தில் மீன்களைப் பனியில் புரட்டியெறிந்திருந்தாள். ரைலி ஒவ்வொரு மீனையும் துணியால் துடைத்தாள். சுற்றி நின்ற பன்னிரண்டு பேரும் தங்கள் மீனை மறந்து இதைப் பார்த்தார்கள். அர்மாஸ் மூன்று கிலோ தொண்ணூறு. இம்பி மூன்று கிலோ நூற்று ஐந்து.

பதினைந்து கிராம். ரைலி இருமுறை நிறுத்துப் பார்த்தாள், பிறகு குறிப்பேட்டில் எழுதினாள். யாரும் கைதட்டவில்லை, அந்த ஊரில் கைதட்டுவது வேறு விஷயங்களுக்கு. யாரோ ஒருவர் "ம்" என்றார். அதுவே அதிகம்.

மீனெல்லாம் பொதுவறைக்குப் போயிற்று. மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்து, கருப்பு ரொட்டியோடு தின்றார்கள். அர்மாஸ் தட்டோடு வந்து இம்பி எதிரே உட்கார்ந்தான். பாதி மீனைத் தின்று முடித்தான்.

"அந்தச் செதிள், ரத்தம்" என்றான் பிறகு. "நீதானே?"

"ஆமா."

"அங்க மீன் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"இல்லன்னு தெரியும்."

அவன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தான். "அப்ப நீ எனக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்க."

இம்பி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். இந்தக் கோணத்தில் அவள் யோசித்திருக்கவில்லை; யோசித்தபோது அது பிடிக்கவும் இல்லை. "வேணும்னு சொல்லல" என்றாள்.

"அது தெரியுது" என்றான் அர்மாஸ். அவள் விட்டுவிடும் புதன்கிழமை ஏழு மணியைத் தனக்குத் தரச் சொல்லி ரைலியிடம் கேட்க எழுந்து போனான்.

அடுத்த சனிக்கிழமை, ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு இம்பி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். விரல் நுனிகளில் இன்னும் தோல் உரிந்துகொண்டிருந்தது. மேல்பலகையில் ஏறி உட்கார்ந்து ஒரு கரண்டித் தண்ணீரைக் கல்லில் ஊற்றினாள். சீறியது. ஆவி மேலே போய், கூரையில் முட்டி, முதுகில் இறங்கியது. அவள் கூர்ந்து கவனித்தாள். புதன்கிழமையும் இதே சீறல்தான். இதே எண்பது டிகிரிதான். மின்சார அடுப்புக்குக் கிழமை தெரியாது. அவள் சூட்டுக்குள் சனிக்கிழமையைத் தேடினாள், கிடைக்கவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினாள். அப்போதும் கிடைக்கவில்லை. இதற்காகவா விரலைக் கொடுத்தோம் என்று ஒரு நிமிடம் நினைத்தாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யார் வீட்டு வானொலியோ மெல்லக் கேட்டது. சனிக்கிழமை ஆறு மணிக்கு வானொலியில் தேவாலய மணி ஒலிக்கும். ஏதோ ஒரு தூர ஊரின் மணி, வாரம் முடிந்தது என்று சொல்வதற்காக. லாரியில் அவள் அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள், பம்பின் இரைச்சலுக்கு நடுவே, ஒரு கை குழாயில் இருக்கும்போது. உட்கார்ந்து கேட்டதில்லை. உடையில்லாமல், ஒரு வேலையும் பாக்கியில்லாமல், முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை கேட்டதில்லை. கரண்டியை வாளியில் வைத்துவிட்டாள். மணி ஓயும்வரை தண்ணீர் ஊற்றவில்லை. சீறல் சத்தம் மறைத்துவிடும்.

திங்கட்கிழமை படிக்கட்டில் அர்மாஸ் எதிரே வந்தான்.

"எப்படி இருந்துச்சு சனிக்கிழமை?"

"புதன்கிழமை மாதிரியேதான்" என்றாள் இம்பி. "அதே அடுப்பு, அதே எண்பது டிகிரி. ஒரு வித்தியாசமும் இல்ல."

"அப்ப மாத்திக்கலாமா?"

"வேணாம்."

அர்மாஸ் அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு படியேறுவதை விட்டுத் திரும்பிக் கீழே இறங்கினான். ரைலி வீட்டு வாசலில் நின்று ஒரு சீட்டு எழுதி, சனிக்கிழமை ஆறு மணி எப்போது காலியானாலும் முதல் பெயர் தன்னுடையது என்று, நாளும் நேரமும் குறித்து, அஞ்சல் துளை வழியாக உள்ளே தள்ளினான்.